சிறைக் கணக்கில் விடுபட்ட பத்தி

ஆய்வேட்டின் பொருட்டுச் சில மாதங்களாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளச் சிறைத்துறையின் ஆண்டறிக்கைகளைப் படித்து வருகிறேன். அவற்றில் ஓர் அட்டவணை ஆண்டுதோறும் இடம்பெறுகிறது. முதல் பத்தியில் சிறையின் பெயர். அடுத்து, நாள்தோறும் அங்கிருந்த கைதிகளின் சராசரி எண்ணிக்கை. பின்னர் உணவு, உடை, காவல், மருத்துவம் என்று தலைக்கு ஆன செலவு. கைதிகளின் உழைப்பால் வந்த வருவாயை அதிலிருந்து கழித்தபின் எஞ்சும் நிகரச் செலவு கடைசிப் பத்தியில் நிற்கும். நோயுற்றோர், இறந்தோர் ஆகியோரின் எண்ணிக்கை வேறோர் அட்டவணையில் வரும். இரண்டு அட்டவணைகளையும் சேர்த்துப் படிப்பதற்கான வழி அந்தப் படிவத்தில் இல்லை. ஒரு சிறையில் பலர் மாண்டாலும் அதன் நிகரச் செலவு கூடாது.

குற்றவியல் நீதிக் கொள்கையைச் செலவு–பயன் ஆய்வின் துணைகொண்டு வகுக்கவேண்டும் என்ற குரல் அண்மைக் காலத்தில் நம் கருத்தரங்குகளிலும் கேட்கிறது. அதை ஆதரிப்போர் புதிய அறிவியல் முறை என்கின்றனர். எதிர்ப்போர் நீதியைச் சந்தைக்குக் கொண்டுவரும் முயற்சி என்கின்றனர். இந்த முறை நமக்குப் புதியதன்று என்பதையே மேற்சொன்ன அட்டவணை காட்டுகிறது. இந்தியச் சிறை தொடக்கம் முதலே கணக்குப் பார்த்துத்தான் நடத்தப்பட்டது. எனவே, கணக்குப் பார்க்கலாமா கூடாதா என்பதைவிட, யாருடைய இழப்பு கணக்கில் ஏறியது, யாருடையது ஏறவில்லை என்பதே வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய கேள்வி என்று கருதுகிறேன்.

இச்சிந்தனையின் மூலத்தைச் சுருக்கமாக நினைவுகொள்வது நல்லது. 1764-இல் வெளிவந்த தம் நூலில் செசாரே பெக்காரியா, தண்டனை குற்றத்தைத் தடுக்கப் போதுமான அளவுக்கு மட்டுமே இருக்கவேண்டும், அதற்கு மேற்பட்டது கொடுமை என்று வாதிட்டார். ஜெரமி பெந்தம் அதனை ஓர் எண்கணிதமாகவே விரித்தார். 1791-இல் அவர் முன்வைத்த பனாப்டிகன் சிறைத் திட்டத்தை நாம் பெரும்பாலும் ஃபூக்கோ வழியாகவே அறிந்திருக்கிறோம். ஆகவே கண்காணிப்புக் கோபுரம் மட்டுமே நினைவில் நிற்கிறது. அத்திட்டத்தில் ஒரு கணக்கும் இருந்தது. சிறையை ஓர் ஒப்பந்தக்காரர் நடத்துவார். கைதிகளின் உழைப்பால் வரும் இலாபம் அவரைச் சேரும். ஆனால், வழக்கமாக எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு மேல் நேரும் ஒவ்வொரு மரணத்திற்கும் அவர் ஒரு தொகை செலுத்தவேண்டும். கைதியைச் சாகவிடுவது நட்டம் தரும் செயலாகிவிட்டால், ஒப்பந்தக்காரரின் பேராசையே கைதியின் உயிரைக் காக்கும் என்பது பெந்தமின் எண்ணம். இங்கிலாந்தில் அத்திட்டம் நிறைவேறவில்லை. இந்தியாவுக்கு வந்தவை பெந்தமின் சிக்கனமும் ஒழுங்கும் மட்டுமே. மரணத்தை நட்டமாக எழுதிய பத்தி வந்துசேரவில்லை.

1836-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு சிறை ஒழுங்குக் குழுவை அமைத்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவரும் அதன் உறுப்பினருமான மெக்காலேயை நாம் கல்விக் குறிப்பின் வழியே அறிவோம். 1838-இல் அளிக்கப்பட்ட அக்குழுவின் அறிக்கை, விலங்கு பூட்டிய கைதிகளைச் சாலைப் பணிக்கு அனுப்பும் வழக்கத்தைக் கண்டித்தது. அவ்வழக்கத்தால் நோயும் ஒழுங்கின்மையும் பெருகின. ஆயினும் அக்குழு இலாபம் தரும் தொழிலையும் விரும்பவில்லை. சிறைக்குள் சலிப்பூட்டும், ஒரே தன்மையான, விருப்பம் எழாத வேலையையே அது பரிந்துரைத்தது. தண்டனையின் பயன் அச்சம். அச்சத்தைக் குறைக்கும் எதுவும், பணம் ஈட்டித் தந்தாலும், நட்டமே என்பது அதன் தருக்கம். இங்கே கணக்கின் பயன் பக்கத்தில் 'அச்சம்' என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. அதை எப்படி அளப்பது என்று யாரும் கேட்கவில்லை.

அக்குழுவுக்குப் பின் வந்த சீர்திருத்தங்களும் இதே திசையில் சென்றன. 1846-இல் ஆக்ராவில் மத்தியச் சிறை எழுந்தது. கைதிகளுக்கு நாட்படியாகக் காசு கொடுத்து அவர்களே சமைத்துக்கொள்ளவிடும் பழைய வழக்கத்தின் இடத்தில் பொதுச் சமையல் புகுத்தப்பட்டது. நிருவாகத்தின் பார்வையில் இது கண்காணிப்பை எளிதாக்கும் மாற்றம். கைதியின் பார்வையில் சாதி ஒழுக்கத்தின் மீதான தாக்குதல். 1855-இல் பித்தளைச் சொம்புகளுக்குப் பதிலாக மண்பாண்டங்களை வழங்க முற்பட்டபோது பீகாரின் ஆரா, முசாபர்பூர் நகரங்களில் சிறைக்குள்ளும் வெளியிலும் கலகம் வெடித்தது. சாதிமுறையை நாம் ஏற்கிறோமா என்பது தனிக் கேள்வி. இங்குக் கவனிக்கவேண்டியது, படிவத்தில் இடம்பெறாத ஒரு செலவு தெருவுக்கு வந்து தன்னைக் கணக்கில் ஏற்றிக்கொண்டது என்பதுதான். நிருவாகம் பணிந்து சொம்புகளைத் திருப்பிக் கொடுத்தது.

அதே 1855-இல் வங்காளச் சிறைகளின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாகப் பொறுப்பேற்றவர் ஃபிரெடெரிக் ஜான் மவாட். மருத்துவரான இவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர்; அந்தமானைத் தண்டனைக் குடியேற்றமாகத் தேர்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர்; பிற்காலத்தில் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் தலைவராக விளங்கியவர். இந்தியச் சிறையின் முதல் பெரும் கணக்காளர் என்று இவரைச் சொல்லலாம். 1838 குழுவின் முடிவை இவர் தலைகீழாக்கினார். பயனற்ற உழைப்பு கைதியைக் கெடுக்கிறது. பயனுள்ள தொழில் அவனைத் திருத்துகிறது, அரசுக்கும் பணம் தருகிறது. ஆகவே சிறை ஒரு தொழிற்பள்ளியாக வேண்டும் என்று 1870 வரை தம் அறிக்கைகளில் ஓயாமல் எழுதினார். சிறைத் தொழிலின் வருவாயைச் செலவிலிருந்து கழித்துக் காட்டும் அட்டவணைகளுக்கு அவருடைய காலத்தில் தனி மதிப்பு ஏற்பட்டது.

மவாட்டின் மனிதநேயத்தை நான் ஐயுறவில்லை. சிறைச் சாவுகளைப் பற்றி அவர் கடுமையாக எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் உருவாக்கிய கணக்கு அவருடைய நோக்கத்தைவிட நீண்டகாலம் வாழ்ந்தது. 1864-இல் கூடிய இரண்டாம் சிறைக்குழு, முந்தைய பத்தாண்டுகளில் இந்தியச் சிறைகளுக்குள் 46,309 பேர் இறந்ததாகப் பதிவு செய்தது. நெரிசல், காற்றோட்டமின்மை, தூய்மைக்கேடு, போதாத உடை ஆகியவற்றைக் காரணங்களாகச் சுட்டியது. ஒரு கைதிக்கு 54 சதுர அடி இடம் வேண்டும் என்று வரையறுத்தது. இறந்தவர்களுள் பெரும்பாலோர்க்கு எந்த நீதிமன்றமும் மரண தண்டனை விதித்திருக்கவில்லை. சில மாதச் சிறை என்று எழுதப்பட்ட தீர்ப்பு நடைமுறையில் வேறொன்றாயிற்று. இந்த வேறுபாட்டைச் செலவு என்று எழுதுவதற்குப் படிவத்தில் பத்தி இல்லை.

இதற்கு மாறாக, வேறொரு தரப்பின் இழப்பு விரைவில் கேட்கப்பட்டது. சிறைகளில் சணல் பொருள்களும் கம்பளங்களும் செய்யப்பட்டபோது, கூலியில்லா உழைப்போடு எங்களால் போட்டியிட முடியாது என்று தனியார் தொழில்முனைவோர் முறையிட்டனர். அவர்களுக்கு வணிகச் சங்கங்கள் இருந்தன. அரசை எட்டும் குரல் இருந்தது. சிறைத் தொழிலை அரசுத் துறைகளின் தேவைகளை நோக்கித் திருப்பவேண்டும் என்ற கொள்கை காலப்போக்கில் வலுப்பெற்றது. ஆலை முதலாளியின் இழப்பு கொள்கையை மாற்றியது. உழைப்பவன் சிறை சென்றதால் பட்டினி கிடந்த குடும்பத்துக்கு வணிகச் சங்கம் இல்லை. எனவே அதன் இழப்பு எந்த அட்டவணையிலும் இல்லை. கணக்கில் ஏறுவதற்கு இழப்பு உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

1919–20-இல் அலெக்சாண்டர் கார்ட்யூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைக்குழு, குற்றவாளியின் சீர்திருத்தத்தையும் சிறையின் நோக்கமாக வெளிப்படையாக ஏற்றது. விடுதலையான பின் மனிதன் என்ன ஆகிறான் என்ற கேள்வி அப்போதுதான் கொள்கையின் மையத்துக்கு வந்தது. ஆனால் அப்போதும் தண்டனை பெற்றவரே பேசுபொருள். தீர்ப்பே பெறாமல் உள்ளே இருப்பவர் ஓரத்தில்தான் நின்றார்.

விடுதலைக்குப் பின் அந்த ஓரமே மையமாயிற்று. 1975 சனவரி முதல் நாளில் இந்தியச் சிறைகளில் இருந்த 2,20,146 பேருள் 1,26,772 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு ஐம்பத்தேழுக்கும் மேல். இவர்களுள் பலர் உள்ளே இருந்ததற்குக் காரணம் குற்றத்தின் கொடுமை அன்று. பிணைத்தொகை கட்ட வழியில்லாமையே.

1978-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த மோத்தி ராம் வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்குப் பிணை வழங்க உச்ச நீதிமன்றமே ஆணையிட்டிருந்தது. கீழ்நீதிமன்றம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணையாள் கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்பு அந்த ஆணையைச் சரிசெய்ததோடு நிற்கவில்லை. விசாரணைக்கு முந்தைய சிறைவாசத்தால் நேரும் இழப்புகளை அது வரிசைப்படுத்தியது. குற்றமற்றவர் என்று சட்டம் கருதும் ஒருவர் சிறையின் துன்பத்தை அனுபவிக்கிறார், வேலையை இழக்கிறார், தம் வழக்குக்கான ஆயத்தத்தைச் செய்ய இயலாதவராகிறார், எப்பிழையும் செய்யாத குடும்பம் சுமையை ஏற்கிறது. பொருளியல் கலைச்சொல் ஒன்றும் இல்லாத இந்த வரிசையே, என் பார்வையில், வங்காள ஆண்டறிக்கை விட்டுவிட்ட பத்தி.

அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு. 1979 சனவரியில் தேசியக் காவல் ஆணைய உறுப்பினர் கே. எஃப். ருஸ்தம்ஜி பீகார்ச் சிறைகளைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதிய கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டு வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி மனுத் தாக்கல் செய்தார். சிலர் பத்தாண்டு வரையில் விசாரணையே தொடங்காமல் கிடந்தனர். சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையையும் தாண்டிச் சிலர் உள்ளே இருந்தனர். விரைந்த விசாரணை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்று நீதிபதி பி. என். பகவதி தீர்ப்பளித்தார். நிதியில்லை, நிருவாக வசதியில்லை என்று சொல்லி அரசு அக்கடமையிலிருந்து தப்பிக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இத்தீர்ப்பைச் செலவு–பயன் சிந்தனைக்கு எதிரானதாகப் படிப்போர் உளர். அரை உண்மைதான் அது. உரிமையை விலைபேசக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது மெய். ஆனால் அதே வழக்கின் ஆணையில் பகவதி நியூயார்க்கின் மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தை மேற்கோள் காட்டுகிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1961-இல் வேரா நிறுவனம் தொடங்கிய அத்திட்டம், குற்றம் சாட்டப்பட்டவரின் வேலை, குடும்பம், வசிப்பிடம் ஆகியவற்றை விசாரித்து, ஊரில் வேரூன்றியவர் என்று தெரிந்தால் பணமின்றிச் சொந்த உறுதிமொழியின் பேரில் விடுவிக்கப் பரிந்துரைத்தது. அவ்வாறு விடப்பட்டோருள் வேண்டுமென்றே நீதிமன்றம் வராதவர்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. பணப்பிணைதான் ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறது என்ற நெடுநாள் நம்பிக்கை அளந்து பார்த்தபோது நிற்கவில்லை. எண் இங்கே ஏழைக்குச் சாட்சி சொன்னது.

முறையாக விரித்து எழுதப்பட்ட கணக்கு என்ன செய்யவல்லது என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. கேரி பெக்கர் 1968-இல் குற்றத்துக்கான பொருளியல் அணுகுமுறையை முன்வைத்தபின் இத்துறை ஏட்டளவில் வளர்ந்தது. அதைச் சட்டமன்றத்தின் அன்றாடக் கருவியாக்கியது, அம்மாநிலச் சட்டமன்றம் 1983-இல் நிறுவிய பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம். 2020-க்குள் இரண்டு புதிய சிறைகள் தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டிருந்த நிலையில், எந்தத் திட்டம் மீண்டும் குற்றம் செய்வதைக் குறைக்கிறது, அதற்கு ஆகும் செலவென்ன, வரி செலுத்துவோருக்கும் குற்றத்தால் பாதிக்கப்படுவோருக்கும் மிஞ்சுவதென்ன என்று 2006-இல் அந்நிறுவனம் அறிக்கை அளித்தது. கல்வி, தொழிற்பயிற்சி, குடும்பங்களோடு பணியாற்றும் இளையோர் திட்டங்கள் ஆகியவை தம் செலவைவிட மிகுந்த பயன் தந்தன. இளையோரைச் சிறைக்குள் அழைத்துச் சென்று அச்சுறுத்தும் திட்டமோ மலிவானதாயினும் குற்றத்தைக் கூட்டியது. அடுத்த ஆண்டு சட்டமன்றம் அத்தகைய திட்டங்களுக்கு நிதியை உயர்த்தியது. திட்டமிட்ட சிறைகளுள் ஒன்று கைவிடப்பட்டது. 1838-இல் அளக்கப்படாமலே நம்பப்பட்ட அச்சம், ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் அளக்கப்பட்டபோது, எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

இனி நம் இன்றைய நிலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளின் கொள்ளளவு 4,36,266. உள்ளே இருந்தோர் 5,73,220. அவர்களுள் விசாரணைக் கைதிகள் 4,34,302. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தண்டனை பெற்ற அனைவரையும் வெளியேற்றினாலும் நம் சிறைகள் ஏறக்குறைய நிரம்பியே இருக்கும். ஐந்தாண்டுக்கும் மேலாகத் தீர்ப்பின்றி இருந்தோர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர். இந்நிலையில் நெரிசலுக்கு மருந்து புதிய கட்டடம் என்பது, செலவு–பயன் நோக்கிலேயே தோற்றுப்போகும் வாதம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. உச்சத் தண்டனையில் பாதிக்காலம் கழிந்தால் விடுவிக்க வழிசெய்யும் 436அ பிரிவு 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே வந்தது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டோருக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. 2023-இல் நடுவண் அரசு அறிவித்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம், பிணைத்தொகை கட்ட இயலாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை வழங்க அப்போது வகை செய்தது. கவனித்தால், இம்மூன்றும் ஏழையின் சிறைவாசத்தைக் குறைக்கின்றன. ஏழையிடம் பணம் கேட்பது எதற்கு என்ற மோத்தி ராம் வழக்கின் கேள்வியை மட்டும் தொடாமல் விடுகின்றன. ஏழைக்காக அரசே அரசிடம் பிணைத்தொகை கட்டும் ஏற்பாடு, அத்தொகையால் விளையும் பயன் என்ன என்று ஒருமுறையேனும் அளந்து பார்க்கவேண்டிய இடமல்லவா?

ஆதரிப்போர் பக்கம் நின்று இவ்வளவு சொன்னபின், இம்முறையின் உள்ளே இருக்கும் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சிறையில் கழியும் நாளின் இழப்பை எப்படி மதிப்பிடுவது? எளிய வழி, இழந்த கூலி. ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு 500 ரூபாய் ஈட்டும் கூலித் தொழிலாளியும் 5,000 ரூபாய் ஈட்டும் அலுவலரும் ஒரே நாளில் தவறாகக் கைது செய்யப்படுகின்றனர் என்று கொள்வோம். கூலியை அளவுகோலாகக் கொண்டால் தொழிலாளியின் சுதந்திரம் பத்தில் ஒரு பங்கு மதிப்புடையதாகும். வேலையற்றவரின் சுதந்திரத்துக்கு மதிப்பே இராது. அப்படியொரு கணக்கு, ஏழையை உள்ளே வைத்திருப்பதே சிக்கனம் என்று முடிவு சொல்லும். வங்காள ஆண்டறிக்கை அவனுடைய இழப்பை எழுதாமல் விட்டது. இது எழுதிக்காட்டி மலிவாக்கிவிடும். இரண்டாவது முன்னதைவிடக் கொடியது, ஏனெனில் அது முழுமையான கணக்குப்போலத் தோன்றும்.

ஆகவே இரண்டு நிலைகளைப் பிரித்து வைக்கவேண்டும் என்பது என் துணிபு. எவரையும் தீர்ப்பின்றி வரம்பற்றுச் சிறைவைக்கக் கூடாது என்பது ஹுசைனாரா வழக்கு அமைத்த தளம். அத்தளத்தைக் காப்பது இலாபமா நட்டமா என்று கேட்கும் உரிமை எந்தக் கணக்காளருக்கும் இல்லை. அத்தளத்தை எப்படி எட்டுவது என்ற கேள்வியில் கணக்கு வேண்டும்; கூடுதல் நீதிபதிகளா, இலவசச் சட்ட உதவியா, பணமற்ற பிணையா, புதிய சிறையா என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அங்கேயும் ஒரு நாள் சுதந்திரத்துக்கு எல்லார்க்கும் ஒரே மதிப்பு என்பதை முதல் விதியாக எழுதிவைத்த பின்னரே கூட்டல் தொடங்கவேண்டும்.

இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்துச் சிறையின் செலவுக் கணக்கு அரசிடம் கிடைக்கும். உள்ளே இருப்பவரின் வீட்டில் அந்த மாதங்களில் விற்கப்பட்ட ஆடு, நின்றுபோன படிப்பு, வட்டிக்கு வாங்கிய கடன், நேர்காணலுக்கு வந்துபோன பேருந்துக் கட்டணம் ஆகியவற்றின் கணக்கு எங்கும் கிடைக்காது. நேரில் சென்று கேட்டுத்தான் எழுதவேண்டும். அதை எழுதிச் சேர்க்கும் வரையில், நம் கையில் உள்ள எந்தக் கணக்கும் அந்த வங்காள அட்டவணையின் மறுபதிப்பே. வேறு மாகாணங்களின் சிறை அறிக்கைகளைப் படித்திருப்போர் தம் குறிப்புகளைப் பகிர்ந்துகொண்டால் நன்றியுடையேன்.